வாய்க்கு வைத்த கங்கை

உதட்டில் ஈரத்துணியை ஒற்றியெடுத்துவிட்டு அந்தத் தொண்டையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் ஆவுடையம்மாள், குரல்வளை மேடு ஒரு தரமாவது ஏறி இறங்காதா என்று, வேலை முடிந்து வந்து செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடிக்கும்போது எப்படி ஓடும் அது, கம்பத்தில் ஏறுகிறவர் தொண்டையும் கம்பம் ஏறுது என்று அவளே கேலி செய்திருக்கிறாள், இப்போது அசைவில்லை, ஒரு சொட்டு உதட்டோரம் வழிந்து தாடை நரைக்குள் போய் நின்றுகொண்டது, அதை முந்தானையால் துடைத்தாள். கல்லிடைக்குறிச்சியில் மழை பெய்து ஓய்ந்திருந்த ஐப்பசி மதியம் அது, கட்டிலில் கிடப்பவர் அவள் புருஷன் பிரமநாயகம், மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர், தீபாவளிக்குச் சாமான் வாங்கப் போனவர் மளிகைக்கடை வாசலிலேயே ஒரு பக்கமாகச் சரிந்தார், பக்கவாதம் என்றார்கள், தீபாவளி ஆஸ்பத்திரிக் கட்டிலில் போயிற்று, பிறகு வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள், அனுப்பும்போது அங்கே இருந்த நர்ஸ் ஆவுடையின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், வாய் வழியா ஒரு சொட்டுத் தண்ணி போகக் கூடாதும்மா, அவருக்கு முழுங்க வரலை, ஊத்துறது வயித்துக்குப் போகாது, நேரே நுரையீரலுக்குப் போயிரும், மூக்குக் குழாய்லதான் எல்லாம். அன்றிலிருந்து குழாயில் ஊற்றுகிறாள், வடிகட்டிய கஞ்சி, பொடித்த மாத்திரை, ஆறவைத்த தண்ணீர், கோவிலில் அபிஷேகம் செய்கிறவர் எப்படிச் சிந்தாமல் சிதறாமல் ஊற்றுவாரோ அப்படி.

ஜன்னல் வழியாகத் தெரு தெரிகிறது, எதிர்வீட்டுச் சுவரோரம் அடுக்கியிருக்கிற பிளாஸ்டிக் நாற்காலிகள் தெரிகின்றன, காலையில் அவை அங்கே இல்லை, யார் சொல்லி வந்தன என்று அவள் கேட்கவில்லை, கேட்டால் மகன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். வேலாயுதம் அவளுக்கு ஒரே பிள்ளை, திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை, தகவல் தெரிந்த அன்றே ஓடிவந்து தகப்பனைக் குழந்தை மாதிரிப் புரட்டிப்போட்டுத் துடைத்து எடுத்தவன்தான், ஆனால் வெள்ளிக்கிழமை காய்ச்சல் கூடி, கண் திறப்பதும் நின்று, நெஞ்சுக்குள் சளி இழுக்க ஆரம்பித்தபோது அவனுக்குள் ஏதோ விட்டுப்போய்விட்டது, அதிலிருந்து அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் வருவதில்லை, வாசலில் நின்று போன் பேசுகிறான், யார் யாருக்கோ சொல்லி அனுப்புகிறான். செருப்புகள் கூடிக்கொண்டே போகின்றன, வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டுக் கிளம்பாமல் உட்கார்ந்திருக்கிறார்கள், தாழ்ந்த குரலில் பேசுகிறார்கள், அவள் எழுந்து நடந்தால் பேச்சை நிறுத்துகிறார்கள். மூச்சு ரொம்ப இழுத்தா உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்துருங்க என்று அந்த நர்ஸ் சொல்லியிருந்ததை ஆவுடை காலையிலேயே மகனிடம் சொன்னாள், அவங்கதானம்மா வீட்டுக்குக் கொண்டுபோன்னு அனுப்புனாங்க, திரும்பியும் அவரைத் தூக்கிக்கிட்டு அலையணுமா என்றான், அங்கே இருந்த அத்தனை பேரும் தலையாட்டினார்கள், அத்தனை தலைக்கு எதிரில் அவளுக்கு நாக்கு எழவில்லை.

கங்கையை எடு ஆவுடை, என்றாள் பிச்சம்மாள். கட்டிலின் மறுபக்கத்தில் தம்பியின் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள், பிரமநாயகத்துக்கு அக்காள், அவர் தவழ்கிற பிராயத்தில் தாயார் இறந்துபோக, தாவணி போடாத வயதிலேயே இடுப்பில் தூக்கி வளர்த்தவள், கட்டிக்கொண்டுபோன இடத்தில் பிள்ளையும் இல்லாமல் புருஷனும் போய் இப்போது முறப்பநாட்டில் தனியாக இருக்கிறாள், அந்த ஊர்ப் படித்துறையைத் தட்சிண கங்கை என்பார்கள், அதில் முழுகி எழாமல் அவளுக்குக் காப்பி இறங்காது, மழையோ காய்ச்சலோ, தாமிரபரணி செந்தண்ணியாக ஓடினாலும் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு செம்பாவது தலையில் ஊற்றிக்கொண்டுதான் எழுவாள். எடுக்கேன் மைனி என்று வாய் சொல்லிற்று, ஆவுடையின் கால் எழவில்லை. சாமி அலமாரியில், விளக்குக்குப் பின்னால், கைக்குள் அடங்குகிற அந்தச் செப்புச் செம்பு இருக்கிறது, காசியில் வாங்கியது, வாயை ஈயம் வைத்து மூடியது, அதைப் பிரிக்கக் கூடாது, வெள்ளிக்கிழமை தோறும் பொட்டு வைக்கலாம், அவ்வளவுதான், பிரிக்கிற நாள் ஒரே நாள், அந்த நாளில் ஒரு கரண்டி வாயில் விட்டால் போகிற உயிர் சுத்தமாகப் போகும், எமனுடைய ஆட்கள் கை வைக்க மாட்டார்கள், மறுபடி வந்து பிறக்க வேண்டாம், பிச்சம்மாள் இதைச் சொல்லும்போது குரலில் சந்தேகமே இருக்காது, பக்கத்து ஊருக்கு எந்த பஸ் என்று சொல்கிற மாதிரி சொல்லுவாள். அவன் உசுரு கெடந்து இழுக்கு, வாயில கங்கை படாமத்தான் போகமாட்டாம நிக்கி, என்றாள் இப்போது. இல்லை மைனி, தண்ணி விட்டா மூச்சு முட்டிரும்னு நர்ஸ் சொல்லியிருக்கு, அவுகளுக்கு இன்னும் காலம் இருக்குதோ என்னவோ. பிச்சம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள், கோபமில்லை அந்தப் பார்வையில், அலுப்புத்தான் இருந்தது, அன்னைக்கும் நீ விடலை, என்றாள்.

அன்றைக்கு என்றால் எந்த நாள் என்று ஆவுடைக்குக் கேட்க வேண்டியிருக்கவில்லை, சொல்லி முடிப்பதற்குள் கால்கள் குளிர்ந்துவிட்டன, காசியின் படிக்கட்டுக் குளிர்ச்சி, பாசி பிடித்த கல்லின் வழுக்கல், எதிரே சாம்பல் நிறத்தில் கரையே தெரியாமல் விரிந்துகிடக்கிற தண்ணீர், அவர் ஓய்வுபெற்ற வருஷம் மூவருமாக ரயிலேறிப் போயிருந்தார்கள். காசியில் பிடித்த ஒன்றை விட்டுவிட்டு வர வேண்டும் என்றாள் பிச்சம்மாள், அவள் மாம்பழத்தை விட்டாள், அவர் பாகற்காயை விட்டார், அது உனக்குப் பிடிக்காததாச்சே என்று நடுத்தெருவில் அவரை ஏசினாள், அவர் சிரித்துக்கொண்டு நின்றார். பிணம் எரிகிற துறைகளைப் படகிலிருந்து பார்த்தபோது மட்டும் அவர் சிரிக்கவில்லை, அந்தப் பக்கம் கட்டை அடுக்குகிறார்கள், இந்தப் பக்கம் ஒருத்தி பாத்திரம் கழுவுகிறாள், பிள்ளைகள் நீந்துகிறார்கள், எருமை கிடக்கிறது, ஒருவர் சோப்புப் போட்டுக்கொண்டே மந்திரம் சொல்கிறார், எல்லாத்தையும் ஒரே தண்ணி வாங்கிக்குது பாத்தியா ஆவுடை என்றார். மறுநாள் காலையில் படியில் கட்டியிருந்த சங்கிலியைப் பிடித்துக்கொண்டு முழுகினார்கள், பிச்சம்மாள் கண்ணை மூடிக்கொண்டு செத்துப்போனவர்கள் பேரையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லி முழுகுகிறாள், அம்மை பேர், அய்யா பேர், புருஷன் பேர், ஆவுடை தலையைத் துவட்டித் திரும்பினால் அவர் நின்ற இடத்தில் அவர் இல்லை, சங்கிலி மட்டும் ஆடிக்கொண்டிருக்கிறது, கீழ்ப்படியில் கால் வழுக்கியிருக்கிறது, ஒரு படகு கிளப்பிய அலை வேறு. அவள் கத்தவில்லை, கத்த நேரமில்லை, கையை விட்டுத் துழாவினாள், தண்ணீர், தண்ணீர், பிறகு மயிர், கொத்தாக மயிர் கைக்குள் வந்தது, அந்தப் பிடியை இன்றைக்கும் உள்ளங்கையில் உணர முடிகிறது, இழுத்தாள், மூக்கிலும் வாயிலும் கங்கை வழிய அவர் இருமிக்கொண்டு படியில் விழுந்தார். மதியம் மடத்தில் இலை போட்டுச் சாப்பிடும்போது பிச்சம்மாள் மெதுவாகச் சொன்னாள், கங்கை அவனைக் கூப்பிட்டிருக்கா, நீ விடலை. பாராட்டா குறையா என்று தெரியாத குரலில் சொன்னாள், அன்று சாயங்காலம் செம்புக் கடையில் இரண்டு செம்பு வாங்கினாள், ஒன்று இந்த வீட்டுக்கு, ஒன்று தனக்கு, எனக்கு ஊத்த ஆளில்லை, பக்கத்து வீட்டுக்காரி கையில சொல்லி வைக்கணும் என்றாள்.

அம்மா. வேலாயுதம் கூப்பிட்டான், எப்போது உள்ளே வந்தான் என்று தெரியவில்லை, கட்டிலைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அத்தை சொல்லுததைக் கேளும்மா, அப்பா கஷ்டப்படுதாரு, எனக்குப் பாக்க முடியலை, அந்தச் சத்தத்தைக் கேக்க முடியலை. அப்பா வேண்டாம் என்று நினைத்து அவன் சொல்லவில்லை, பாசத்தில்தான் சொல்கிறான், பிச்சம்மாளும் பாசத்தில்தான் சொல்கிறாள், வாசலில் உட்கார்ந்திருக்கிறவர்களில் ஒருவர்கூடக் கெட்ட எண்ணத்தோடு வரவில்லை, அதுதான் ஆவுடையைப் பயமுறுத்தியது, எல்லோரும் அன்பாக இருக்கிறார்கள், எல்லோருமாகச் சேர்ந்து அன்பாக அவரை அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள், இந்தப் பக்கம் பிடித்திருப்பது அவள் கை ஒன்றுதான், அந்தக் கையும் சரியாகத்தான் பிடிக்கிறதா, ஒருவேளை மைனி சொல்வதுபோல நிம்மதியாகப் போகிறவரைத்தான் மயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறாளா, அவரிடம் கேட்கலாம் என்றால் அவர் கண்ணைத் திறக்கவில்லை. கஞ்சி நேரமாச்சு, என்று மட்டும் மகனிடம் சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள்.

கஞ்சியைத் துணியில் வடிகட்டும்போது ஒரு கரண்டி கீழே சிந்திற்று, உள்ளே பேச்சுச் சத்தம் சுத்தமாக அடங்கியிருப்பது அப்போதுதான் உறைத்தது. வாசலில் இருந்தவர்கள்கூடப் பேசவில்லை. கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு வந்தாள், ஓடவில்லை, ஆனால் நடை அவள் நடையாக இல்லை, உள்ளே வந்தால் பிச்சம்மாள் தம்பியின் தலையைத் தன் மடிமேல் ஏற்றி வைத்திருக்கிறாள், மூக்குக் குழாயை ஒட்டியிருந்த பிளாஸ்திரியின் ஒரு ஓரம் பிரிந்து தொங்குகிறது, தரையில் பாக்குவெட்டி, பக்கத்தில் ஈயம் பெயர்த்த செம்பு, சாமி அலமாரியில் விளக்குக்குப் பின்னால் செம்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது, அப்படியானால் இது மைனியுடைய செம்பு, முறப்பநாட்டிலிருந்து பையில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறாள், தன் வாய்க்கு வைத்ததை. கரண்டி அவர் உதட்டுக்குப் போய்விட்டது, இனிச் சொல்லி நிறுத்துகிற தூரமில்லை, ஆவுடை பாய்ந்து பிடித்தாள், எதைப் பிடித்தாள், மணிக்கட்டா மயிரா, கைக்குள் எலும்பு நெளிந்தது, தண்ணீர் நெளிந்தது, காலுக்குக் கீழே கல் வழுக்கியது, மைனி கண்ணை மூடிக்கொண்டு பேர் சொல்லிக்கொண்டிருக்கிறாள், விடாதே, விடாதே என்று யாருமே சொல்லவில்லை, அவளுக்குக் கேட்டது. கரண்டித் தண்ணீர் அவர் கன்னத்திலும் கழுத்திலும் சிந்தித் தலையணையில் ஊறிற்று.

விடு ஆவுடை, என்றாள் பிச்சம்மாள், கையை உருவ முயலவில்லை. விடமாட்டேன் மைனி. இது எனக்குன்னு வச்சிருந்தது, அவனுக்குக் கொடுக்கேன், உனக்கு என்னளா, நான் எந்தத் தண்ணியும் இல்லாமப் போயிக்கிடுதேன், அவன் போகட்டும், அவன் பாவம், பச்சைப்பிள்ளையிலயே தாயில்லாம வளந்தவன். வேலாயுதம் வாசற்படியில் நின்று அழுதுகொண்டிருந்தான். ஆவுடைக்கு அந்த நேரத்தில் மைனிமேல் இருந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை, அந்த மணிக்கட்டு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்றுதான் தோன்றியது, வருஷா வருஷம் தீபாவளி விடிகாலையில் இதே கைதான் அவர் தலையில் எண்ணெய் வைக்கும், அதற்காகவே முதல் நாள் முறப்பநாட்டிலிருந்து வந்துவிடுவாள், அந்த ஒரு விடியலில் எல்லார் வீட்டு வெந்நீரிலும் கங்கை வந்து இறங்குகிறாள் என்பாள், குளித்துவிட்டு வெளியே வந்தால் தெருவில் ஆளுக்கு ஆள் கங்கா ஸ்நானம் ஆச்சா என்றுதான் கேட்பார்கள். தீபாவளிக்கு அவுக குளிக்கலையே மைனி, என்றாள் ஆவுடை. திட்டமிட்டுச் சொன்னதில்லை, வாயில் வந்தது. கங்கை வாயிலதான் படணுமா, மேல பட்டா ஆகாதா, காய்ச்சலுக்கு வெதுவெதுன்னு தண்ணி தொட்டு மேலைத் துடைக்க நர்ஸ் சொல்லியிருக்கு, அந்தத் தண்ணியில இதை விட்டு நீங்களே துடைச்சு விடுங்க, எத்தனை தீபாவளிக்கு உங்க கைதானே ஊத்துச்சு. பிச்சம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். ஆவுடை முதலில் பிளாஸ்திரியை அழுத்தி ஒட்டினாள், குழாய் இடம் மாறவில்லை என்று பார்த்துக்கொண்டாள், வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து ஒரு குத்துச்சட்டியில் கொண்டுவந்து வைத்தாள், மைனி தன் செம்பைத் தலைகீழாகக் கவிழ்த்தாள், கடைசிச் சொட்டுவரை, கங்கை சத்தமில்லாமல் வெந்நீருக்குள் போயிற்று.

துண்டை நனைத்துப் பிழிந்து பிச்சம்மாள் நெற்றியில் வைத்தாள், கழுத்தைத் துடைத்தாள், அக்குளைத் துடைத்தாள், விளங்காத வலக்கையை எடுத்து மடியில் வைத்து விரல் விரலாகத் துடைத்தாள், உதடு அசைந்துகொண்டே இருந்தது, மந்திரமோ பேரோ, ஆவுடை சட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள், நெஞ்சின் அந்த இழுப்புச் சத்தம் அறை முழுக்க இருந்தது. இரண்டாவது தரம் நனைத்த துண்டு முகத்தில் பட்டபோது அவர் தலை அசைந்தது. சின்ன அசைவுதான், பட்ட துண்டிலிருந்து ஒதுங்கி மறுபக்கம் திரும்பிற்று, புருவம் சுருங்கிற்று, இழுப்பில் தலை சாய்ந்தது என்றுதான் ஆவுடை நினைத்தாள். பிச்சம்மாளின் கை நின்றுவிட்டது. மறுபடி துண்டை முகத்துக்குக் கொண்டுபோனாள், அவர் மறுபடி திரும்பினார், இந்தத் தரம் இடது கை போர்வைக்குள்ளிருந்து ஒரு விரல்கடை எழுந்து விழுந்தது. மூஞ்சியத் திருப்புதான், என்றாள் பிச்சம்மாள். என்ன மைனி. மூஞ்சியில தண்ணி பட்டா அவன் இப்படித்தான் திருப்புவான், சின்னதுலயே, ஒரு கையால நாடியப் பிடிச்சுக்கிட்டுத்தான் கழுவணும், என்னைத் தள்ளிவிடுவான். சொல்லச் சொல்ல அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது, இத்தனை நாளாக அதில் இருந்த அமைதி உடைந்து, அதற்குள்ளிருந்து பயம் வெளியே வந்தது, ஆவுடை வெள்ளிக்கிழமையிலிருந்து பட்டுக்கொண்டிருக்கிற அதே பயம். அவ்வளவு நேரம் சாகிறவனைப் பார்த்துக்கொண்டிருந்தவள் இப்போதுதான் தம்பியைப் பார்த்தாள். ஏல வேலாயுதம், என்று போட்ட சத்தத்தில் வாசலில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்க, வண்டியக் கூப்பிடுல, உங்கப்பனுக்கு உசுரு கெட்டியாத்தான் இருக்கு.

ஆம்புலன்ஸில் இரண்டு பெண்களும் ஏறிக்கொண்டார்கள், ஒருவர்தான் வரலாம் என்ற டிரைவரிடம் பிச்சம்மாள் பேசவே இல்லை, ஏறி உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் முற்றியிருக்கிறது என்றார்கள், ஊசிமருந்து ஏற்றினார்கள், இன்னும் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து மகன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். காய்ச்சல் விடவில்லை, விட்டது, மறுபடி வந்தது, ஒருநாள் அதிகாலையில் வந்து பார்த்த டாக்டர் சாயங்காலம் வரைக்கும் பார்ப்போம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார், அன்று பகல் முழுவதும் இருவரும் பெஞ்சில் ஒரே போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், சாயங்காலம் பிரமநாயகம் கண் திறந்தார். தெருவில் இருந்த நாற்காலிகள் எப்போது திரும்பிப் போயின என்று ஆவுடைக்குத் தெரியாது, கார்த்திகையில் வீட்டுக்கு வந்தபோது சுவரோரம் காலியாக இருந்தது. வேலாயுதம் திருப்பூருக்குக் கிளம்புகிற அன்று கட்டிலோரம் மண்டிபோட்டுத் தகப்பன் காலில் நெற்றியை வைத்து வெகுநேரம் இருந்தான், அவர் இடது கையால் அவன் பிடரியைத் தட்டினார். மார்கழி கழிவதற்குள் விழுங்கப் பழக்குகிற பெண் வந்து, முதலில் கெட்டியாகக் கரைத்த கூழ், பிறகு குழைந்த சோறு என்று ஒவ்வொரு கரண்டியாகக் கொடுத்துப் பார்த்தாள், குழாயை எடுத்தார்கள், வாய் கோணியிருந்தது, பேச்சு பாதி காற்றாக வந்தது, ஆனாலும் பிழைத்துவிட்டார்.

அதற்குப் பிறகும் பொங்கல் வரை பிச்சம்மாள் இங்கேயே இருந்தாள், இந்த ஊர்த் தாமிரபரணியில் முழுகினாள், அதுவும் அதே தண்ணிதானே, இங்க ஓடிட்டுத்தான் அங்க வருது, என்றாள். ஊருக்குக் கிளம்புகிற அன்று ஆவுடை பஸ் நிறுத்தம் வரை பையைத் தூக்கிக்கொண்டு கூடப்போனாள், ஏற்றிவிட்டுப் பையைக் கொடுத்தபோது பிச்சம்மாள் அதன் கனத்தில் ஏதோ உணர்ந்து கையை உள்ளே விட்டாள், சேலைகளுக்கு நடுவில் சுருட்டி வைத்திருந்தது, பொட்டு வைத்த செம்பு, ஈயம் பிரிக்காதது. இது அவனோடதுல்லா, என்றாள். அவுகளுக்கு இப்ப என்னத்துக்கு மைனி, என்றாள் ஆவுடை, உங்க பக்கத்து வீட்டுக்காரி போன் நம்பரை எனக்கும் கொடுங்க, உடம்புக்கு என்னமும்னா நானே வந்துருவேன், செம்பைப் பிரிக்க இல்லை, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போக. பிச்சம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பஸ் உறுமிக் கிளம்பிவிட்டது, ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அவள் செம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருப்பதும், கண் நிறைந்திருப்பதும், வாயில் ஒரு சிரிப்பு வந்து நிற்பதும் தெரிந்தது. வீட்டுக்குத் திரும்பும்போது வெயில் ஏறியிருந்தது, பிரமநாயகம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், யார் கொண்டுவந்து உட்காரவைத்தது, தானாக வந்தாரா, சுவரைப் பிடித்துக்கொண்டா, அவள் பதறிக்கொண்டு படியேறினாள். அவர் அவளைப் பார்த்து, கோணிய வாயில் ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்து, நிறையச் சிரமப்பட்டுக் கேட்டார், அக்காளுக்கு எடம் கெடச்சுதா. ஜன்னலோரமே கெடச்சுது, என்றாள் ஆவுடை.